ஜிலேபி மீனின் பூர்வீகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தையில் ஜிலேபி, ஜிலேபிக் கெண்டை என்று விற்கிற மீனைப் பற்றி நம் ஊரில் இரண்டு பேச்சுதான்: விலை குறைவு, சேற்று வாடை. அது பிறந்த ஆப்பிரிக்காவில் எப்படி வாழ்கிறது, அங்கே எதைத் தின்கிறது, இங்கே எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். இங்கே சொல்வதெல்லாம் மொசாம்பிக் திலேப்பியா என்ற ஓர் இனத்தைப் பற்றி. அறிவியல் பெயர் ஒரியோக்ரோமிஸ் மொசாம்பிகஸ். பண்ணைகளில் பெரிதாக வளர்க்கும் நைல் திலேப்பியா வேறு இனம். அது நடுவில் வரும், வில்லனாக.

இதன் சொந்த ஊர் எது?

தென்கிழக்கு ஆப்பிரிக்கா. ஜாம்பேசி ஆற்றின் கீழ்ப்பகுதி, அதில் வந்து கலக்கும் ஷிரே ஆற்றின் கீழ்ப்பகுதி, பிறகு அங்கிருந்து தெற்கே இந்தியப் பெருங்கடலில் விழும் ஆறுகள். லிம்போபோ இதில் அடக்கம். தெற்கு எல்லை தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் ஓடும் புஷ்மன்ஸ் ஆறு.

வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் 1840-களில் மொசாம்பிக்கில் ஆண்டுக்கணக்காகச் சுற்றி உயிரினங்களைச் சேகரித்தார். இந்த மீனை அறிவியல் உலகுக்கு அவர் விவரித்தது 1852-இல். பேரினப் பெயர் அதன்பின் பலமுறை மாறியது. இப்போதைய வகைப்பாட்டை உறுதிப்படுத்தியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் எதல்வின் ட்ரெவாவஸ். அவருடைய பெரிய ஆய்வு நூல் 1983-இல் வந்தது. பெண் மட்டும் வாயில் முட்டையை அடைகாக்கும் இனங்களெல்லாம் ஒரியோக்ரோமிஸ் என்பது அந்தப் பிரிவினையின் அடிப்படை.

ஆற்றில் எங்கே இருக்கும் என்பதுதான் முக்கியம். மலையிலிருந்து பாய்ந்து வரும் வேகமான தண்ணீர் இதற்கு ஆகாது. சமவெளியில் ஆறு சோம்பிக் கிடக்கிற இடம், வெள்ளம் வடிந்தபின் தங்கிவிட்ட குட்டைகள், கடலோரக் காயல், மணல் அடைத்துக்கொண்ட முகத்துவாரம் இவைதான் இதன் வீடு. இவற்றில் எதுவும் நிலையான இடம் இல்லை. இந்த ஆண்டு நிரம்பும், அடுத்த ஆண்டு வற்றும். ஒரு மாதம் நன்னீர், அடுத்த மாதம் உப்பு. அங்கே பிழைக்கக் கற்றுக்கொண்ட வித்தைகளை வைத்துத்தான் இந்த மீன் பிற்பாடு நம் ஏரிகளைப் பிடித்தது.

பெயரில் கெண்டை இருக்கிறதே, கெண்டை இனமா?

இல்லை. சிக்லிட் குடும்பம். கேரளத்தார் கொண்டாடும் கரிமீன் இதற்குத் தூரத்து உறவு. அது நம் நாட்டிலேயே இயற்கையாக வாழும் சிக்லிட்.

வாங்கி வந்த மீனைக் கழுவும்போது பார்த்தாலே தெரியும். முதலில் மூக்கு: கெண்டைக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு துளை, ஜிலேபிக்கு ஒவ்வொன்றுதான். அப்புறம் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு. செவுளுக்குப் பின்னாலிருந்து மேல்பக்கமாக ஓடி, முதுகுத் துடுப்பு முடிகிற இடத்துக்குக் கீழே நின்றுவிடும். பிறகு சற்றுக் கீழே இன்னொரு கோடாகத் தொடங்கி வால் வரை போகும். இப்படி அறுந்த கோடு கெண்டையில் கிடையாது. மூன்றாவதை விரல் சொல்லிவிடும்: முதுகுத் துடுப்பின் முன்பாதி முழுக்க முள், பதினைந்துக்குக் குறையாது. அவசரமாக வழித்தால் குத்தும்.

என்ன சாப்பிடுகிறது?

கிடைத்ததை. குஞ்சாக இருக்கும்போது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், சிறு பூச்சிகள். வளர வளரப் பாசி, கல்லிலும் தண்டிலும் படிந்த வழுவழுப்பு, அடியில் தங்கும் மண்டி. பசித்தால் சிறு மீனையும் விடாது. தாடையில் இருக்கும் நுண்ணிய பற்கள் சுரண்ட, தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல் வரிசை அரைக்க. வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. பல மீன்களுக்குச் செரிக்காத நீலப்பச்சைப் பாசியின் சுவரையே அது உடைத்துவிடும்.

எதையும் தின்னும் மீன் எங்கேயும் கொழுக்கும் என்று நினைக்கத் தோன்றும். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் கடலோரத்தில் உள்ள சிபாயா ஏரி அதற்கு மாறான கதை சொல்கிறது. அங்கே குஞ்சுகள் கரையோர ஆழமில்லா நீரில் மண்டியைத் தின்று நன்றாகவே வளர்கின்றன. பெரிய மீன்கள் ஆழத்தில் மேய்கின்றன. அங்கேயும் மண்டிதான், வயிறும் நிறைகிறது, ஆனால் அந்த மண்டியில் புரதம் மிகக் குறைவு. விளைவு, தலை பெருத்து உடல் வற்றிய மீன்கள். 1970-களில் இதை ஆராய்ந்தவர்கள் இரண்டு இடத்து மண்டியையும் எடுத்து ஒப்பிட்டுத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கரைப்பக்கம் போய்த் தின்றால் என்ன என்று கேட்கலாம். ஆழமில்லாத் தெளிந்த நீரில் பெரிய மீன் நின்றால் மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அது சாப்பாடு.

நன்னீர் மீன் என்கிறார்கள், உப்பங்கழியிலும் கிடைக்கிறதே?

நன்னீர் மீன்தான். ஆனால் கடல் நீரில் வாழும், அதில் இனப்பெருக்கமும் செய்யும். படிப்படியாகப் பழக்கினால் கடல் நீரைப்போல மூன்று மடங்குக்கும் மேலான உப்பைத் தாங்கியிருக்கிறது.

இதைச் சோதனைத் தொட்டியில் மட்டும் பார்த்ததாக எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் செயின்ட் லூசியா காயல் வறட்சிக் காலத்தில் சுண்டும். ஆற்று நீர் வராது, முகத்துவாரம் மணலால் அடைந்துவிடும், வெயிலில் நீர் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போகும். கடலிலிருந்து வந்து தங்கிய மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து ஒதுங்கும்போது, மிச்சமிருப்பது பெரும்பாலும் இந்தத் திலேப்பியாதான். அந்த நாள்களில் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் அங்கே வேறு இரை அதிகம் கிடையாது.

எப்படிச் சமாளிக்கிறது? நன்னீரில் இருக்கும்போது மீனின் உடம்பிலிருந்து உப்பு கசிந்து வெளியேறப் பார்க்கும், தண்ணீர் உள்ளே புகப் பார்க்கும். கடல் நீரில் நேர்மாறு. செவுளில் இதற்கென்றே உள்ள செல்கள் நன்னீரில் உப்பை உள்ளே இழுக்கின்றன. உப்பு நீருக்கு மாறினால் அவையே வெளியே தள்ளும் வகைக்கு மாறுகின்றன. நன்னீர் வாழ்க்கைக்கு மீனைத் தயார் செய்யும் ஹார்மோன் புரோலாக்டின், பாலூட்டிகளில் பால் சுரக்கச் செய்யும் அதே வகை. இதை ஆராய்கிறவர்களுக்கு ஹவாயில் தொடங்கிப் பல நாடுகளில் இந்த மீன்தான் ஆய்வுக்கூட எலி.

குளிர் தாங்குமா?

தாங்காது. நீரின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் முட்டை பற்றிய நினைப்பே வரும். 10 டிகிரியை நெருங்கினால் சாவு. தெற்கு எல்லையில் இருப்பவை குளிர்காலத்தில் ஆழத்துக்கு இறங்கிவிடும். நீரில் கொஞ்சம் உப்பு கலந்திருந்தால் குளிரைக் கூடுதலாகத் தாங்குகிறது என்பது கவனிக்க வேண்டியது. தென்கோடியில் இது கடலோரக் கழிமுகங்களை ஒட்டியே வாழ்வதற்கு அது ஒரு காரணம்.

நீர் வற்றிய குளத்தில் தெரியும் வட்டமான குழிகள் இதன் வேலையா?

ஆமாம். அது ஆண் மீனின் வேலை. சிறு குளத்தில் ஓரடி அகலம், பெரிய ஏரியில் அதைவிடப் பெரிது. மணலையும் சேற்றையும் வாயால் அள்ளி ஓரமாகத் துப்பித் துப்பியே தோண்டுகிறது. ஒரே இடத்தில் பத்து, இருபது ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் குழி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் குழிக்குக் காவல் நிற்கும். அப்போது அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். மற்ற நாளில் சாம்பல் கலந்த பச்சையாக இருப்பது, இப்போது உடம்பு முழுக்கக் கரி, தாடையின் அடிப்பகுதி மட்டும் வெள்ளை, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் சிவப்புக் கரை. வாயும் பெரிதாகி, முகவெட்டு சற்றுக் குழிந்து தெரியும்.

பக்கத்துக் குழிக்காரனோடு சண்டை நடக்கும், ஆனால் பெரும்பாலும் கடிபடும் முன்பே முடிந்துவிடும். காரணம் சிறுநீர். போர்ச்சுகலின் அல்கார்வ் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வலுவான ஆண் சிறுநீரைக் கண்டபடி விடாமல் சேர்த்துவைக்கிறது. எதிரி வந்தாலோ பெண் வந்தாலோ சிறு சிறு பீய்ச்சலாக விடுகிறது. அதில் இருக்கும் ஸ்டீராய்டு வகைப் பொருள்களை மோப்பம் பிடிக்கும் எதிரிக்கு ‘இவன் பெரியவன்’ என்று புரிந்துவிடுகிறது, சீற்றம் தணிகிறது. பெண்ணுக்கு அதே வாசம் முட்டையை முதிரச் செய்யும் ஹார்மோனைத் தூண்டுகிறது. காதலின் கடைசிக் கட்டத்தில் ஆண் மெல்லிய, கனத்த உறுமல் ஒலியும் எழுப்பும்.

எல்லா ஆண்களும் இப்படிக் குழி வெட்டி உழைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில சின்ன ஆண்கள் கறுக்காமல் பெண் நிறத்திலேயே இருந்துகொள்ளும். குழிக்காரன் அதைப் பெண் என்று நம்பி வாலாட்டிக்கொண்டிருப்பான். நிஜப் பெண் முட்டையிடும் நேரத்தில் இது உள்ளே புகுந்து வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிடும்.

வாயில் குஞ்சு வைத்திருப்பது உண்மையா? விழுங்கிவிடாதா?

உண்மை. பெண் குழிக்குள் இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிடும். இட்ட கையோடு திரும்பி வாயில் அள்ளும். ஆண் விடும் விந்தையும் சேர்த்து வாயில் வாங்கிக்கொள்வதால் கருக்கட்டுதல் ஒரு பகுதி வாய்க்குள்ளேயே நடக்கிறது. வேலை முடிந்ததும் ஆண் அடுத்த பெண்ணைப் பார்க்கக் கிளம்பிவிடும். குழியில் குஞ்சு வளர்வதில்லை. அது மணமேடை மட்டும்.

மீனின் பருமனைப் பொறுத்துச் சில நூறு முட்டைகள், பெரிய தாய்க்கு ஆயிரத்தைத் தாண்டும். மஞ்சள் நிறம், ஒரு பக்கம் குறுகிய வடிவம். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். மஞ்சள் கரு தீரும்வரை குஞ்சு உள்ளேயே இருக்கும். முட்டையைத் தாய் வாய்க்குள் புரட்டிக்கொண்டே இருக்கிறது. இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், காற்றும் சேராது. இத்தனை நாளும் அது ஏறக்குறையப் பட்டினி. விழுங்கிவிடுமா என்றால், பயந்துபோன தாயோ முதல் முறை அடைகாக்கும் தாயோ சில சமயம் விழுங்குவதும் துப்பிவிடுவதும் உண்டு. வலையில் சிக்கிய பெண் மீன் பெரும்பாலும் துப்பிவிடும். வலையை இழுத்துக் கரையில் கொட்டும்போது, மீன்களுக்கு நடுவே மஞ்சள் மணிகள் சிதறிக் கிடப்பது அதனால்தான். சினை வயிற்றிலிருந்து பிதுங்கியது என்று நினைப்பார்கள், வாயிலிருந்து வந்தது.

பத்து, பதினான்கு நாள் கழித்துத் தாய் குஞ்சுகளை வெளியே விடும். அதற்குப் பின்னும் ஒரு வாரம்போல அவை தாயைச் சுற்றியே திரியும். நிழல் விழுந்தால் போதும், தாய் தலையைத் தாழ்த்தி மெதுவாகப் பின்னால் நகரும். குஞ்சுகள் மொத்தமாக வாயைப் பார்த்துப் பாயும். கருத்த புள்ளி எங்கே தெரிந்தாலும் அதை நோக்கிப் போவது குஞ்சின் இயல்பு. தாயின் உருவத்தைச் செய்து கரும்புள்ளி வைத்துக் காட்டினால் அதையும் முட்டிப் பார்க்கும்.

வெயில் காலம் நீடித்தால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை அடுத்த ஈடு. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

நம் குளத்து ஜிலேபி ஏன் உள்ளங்கை அளவுக்கு மேல் வளர்வதில்லை?

சொந்த ஆறுகளில் இது 35 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், பத்தாண்டு வரை வாழும். ஆனால் இடம் நெருக்கடியானால், எட்டு, பத்து சென்டிமீட்டரிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். வற்றப்போகும் குட்டையில் மாட்டிய மீனுக்கு இது நல்ல கணக்கு: பெரிதாகும்வரை காத்திருந்தால் குட்டையே இருக்காது, இருப்பதற்குள் வம்சத்தை விட்டுப் போ.

அதே கணக்கை வற்றாத குளத்தில் போட்டால் என்ன ஆகும்? குஞ்சு மேல் குஞ்சு, தீனி பற்றாக்குறை, எல்லாம் குள்ளம். அதிலும் பெண் மீன் அடைகாக்கும் நாளெல்லாம் பட்டினி கிடப்பதால் ஆணைவிடச் சிறுத்தே இருக்கும். பண்ணைக்காரர்கள் ஆண் குஞ்சுகளை மட்டும் விட முயல்வது இதனால்தான். மலாக்காவில் ஹிக்லிங் என்ற ஆய்வாளர், இதன் பெண்ணை வேறொரு திலேப்பியா இனத்தின் ஆணோடு கலந்தால் குஞ்சு எல்லாம் ஆணாகவே பிறக்கிறது என்று 1960-இல் காட்டினார்.

ஆப்பிரிக்காவில் இதைப் பிடித்துத் தின்பவை எவை?

புலிமீன், பெரிய கெளுத்தி, முதலை, நீர்நாய், மீன்கழுகு, கூழைக்கடா, நீர்க்காகம். மனிதர்களும்தான். தென்னாப்பிரிக்காவின் பொங்கோலா ஆற்றுச் சமவெளியில் வெள்ளம் வடிந்த குட்டைகளில் ஊரே வரிசையாக இறங்கி, அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடைகளைச் சேற்றில் அழுத்தி அழுத்தி மீன் பிடிக்கும் வழக்கம் உண்டு. ஃபோன்யா என்பார்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் அழிக்கும்போது ஊத்தா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே கூடையில் அதிகம் மாட்டுவது இதே மீன். ஆற்றின் மேலே அணை கட்டியபின் வெள்ளத்தின் காலமும் அளவும் மாறிவிட்டன; மீனும் கூடைக்காரர்களும் அணை திறப்பை எதிர்பார்த்தே இருக்க வேண்டியதாயிற்று.

இங்கே எப்படி வந்தது?

ஜாவா வழியாக. 1930-களின் இறுதியில், இந்தோனேசியாவின் ஜாவா தீவில், கடலோரக் காயலில் இந்த மீன் கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவில் பரவிய கூட்டமெல்லாம் அங்கே கிடைத்த ஐந்து மீன்களின் வம்சம் என்று சொல்லப்படுகிறது. அதைக் குளத்தில் வளர்த்துப் பரப்பிய முஜைர் என்பவரின் பெயரிலேயே அங்கே இன்றும் இதை ‘முஜைர்’ என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வேறு குஞ்சு கிடைக்காத நிலையில், ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கீழ் இது தென்கிழக்கு ஆசியாவில் பரவியது. 1946-இல் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்குப் போனது. 1952-இல் இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊருக்கு, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மூலமாக. போருக்குப் பின் பசியும் பஞ்சமுமாக இருந்த காலம். சீக்கிரம் பெருகும் புரதம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஏழே ஆண்டில் மனம் மாறியது. 1959-இல் இதைப் பரப்பக் கூடாது என்று இந்தியாவில் தடை வந்தது. அதற்குள் மீன் கைமீறிப் போயிருந்தது.

நாட்டு மீன்களை இது அழித்துவிட்டதா?

எல்லா இடத்திலும் ஒரே பதில் இல்லை. வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி, பவானிசாகர் போன்ற தமிழ்நாட்டு அணைகளில் ஒரு காலத்தில் வலையில் விழுவதில் இதுவே முதலிடம் பிடித்தது. ராஜஸ்தானின் ஜெய்சமந்த் ஏரியில் இது வந்தபின் பெருங்கெண்டைகளின் சராசரி எடை இறங்கியது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலிலும் இது உண்டு. ஆனால் இலங்கையில் கதை வேறு. அங்கே பழைய பாசனக் குளங்களில் ஏரி வாழ்க்கைக்குப் பழகிய பெரிய மீன் இனம் அதிகம் இல்லை. திலேப்பியா வந்தபின்தான் உள்நாட்டு மீன்பிடித் தொழில் என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே நிமிர்ந்தது. என் கருத்தைக் கேட்டால், அணை கட்டி ஓடும் நீரை நிற்கும் நீராக்கிக் கொடுத்தது நாம். நிற்கும் நீர் அதன் பூர்வீகச் சொத்து. நாட்டு மீன்களின் சரிவில் அணைக்கும் பூச்சிமருந்துக்கும் சேர வேண்டிய பழியை இந்த ஒரு மீனின் தலையில் ஏற்றுவது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உலகமெல்லாம் மலிந்த மீன், சொந்த ஊரில் ஆபத்தில் இருக்கிறது என்கிறார்களே?

ஆமாம். ஐயுசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இப்போது ‘அழிய வாய்ப்புள்ள’ இனம். காரணம் மீன்பிடியோ மாசோ மட்டும் இல்லை; நைல் திலேப்பியா. பண்ணைகளுக்காகக் கொண்டுவரப்பட்டு ஜாம்பேசியிலும் லிம்போபோவிலும் தப்பிப் பரவியது. உருவம் பெரிது, வளர்ச்சி வேகம், நல்ல குழியிடத்தை அடித்துப் பிடுங்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டும் கலந்து பிறக்கும் குஞ்சுகள் மலடு இல்லை. அவை மறுபடி கலக்கும். நாலைந்து தலைமுறையில் ஆற்றில் மீன் நிறைய இருக்கும், கலப்பில்லாத மொசாம்பிக் திலேப்பியா இருக்காது. உப்பைத் தாங்கும் திறன் இந்த இனத்தில்தான் நைல் திலேப்பியாவைவிட அதிகம். உப்பு நீரில் வளரும் பண்ணை மீனை உருவாக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் காட்டு மரபணுதான் மூலதனம். ஆகவே நைல் திலேப்பியா எட்டாத சிற்றாறுகளையும் கடலோர ஏரிகளையும் கலப்படமில்லாமல் காப்பதே இப்போதைக்கு முக்கியமான வேலை.

சேற்று வாடை ஏன்?

நீரில் உள்ள சிலவகை நீலப்பச்சைப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதால். மீன் பிறவியிலேயே நாறுவதில்லை. பிடித்த மீனைச் சில நாள் சுத்தமான நீரில் விட்டால் குறையும். புளி ஜியோஸ்மினைச் சிதைக்கும்; குழம்பு வைத்தால் தெரியாத வாடை வறுத்தால் தெரிவது அதனால்.

தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்க மீன் இதுதானா?

இதைப் பரப்பவும் 1959-இல் தடை வந்ததுதான், ஆனால் செய்திகளில் அடிக்கடி வருவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மீசை வைத்த, செதில் இல்லாத மீன். அது வேறு.

கடையில் இருப்பது ஜிலேபியா, நைல் திலேப்பியாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாலை விரித்துப் பாருங்கள். மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள் ஒழுங்காக ஓடினால் நைல். கோடு இல்லாமல் மங்கலாக இருந்தால், பக்கவாட்டில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தால் மொசாம்பிக். ஒரு கிலோவைத் தொடும் பண்ணை மீன் என்றால் அநேகமாக நைல் வகை; ‘கிஃப்ட்’ என்று விற்பது 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த நைல் திலேப்பியாதான். சிவப்புத் திலேப்பியா கலப்பு. வால் கோடு பாதியும் புள்ளி பாதியுமாக இருந்தால் அதுவும் கலப்பாகத்தான் இருக்கும். அதை மரபணுச் சோதனைதான் உறுதி செய்ய முடியும், மீன்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாது.